ரேடியத்துக்கு ஓர் எடைக்கல்

தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பின் பொருட்டு வடக்கே சென்ற நம் முன்னோருக்கு, பாஷைக்கு அடுத்தபடியாகத் தொல்லை தந்தவை அங்காடியின் எடைகளே. சென்னையில் ஒரு மணங்கு என்றால் 25 ராத்தல். கல்கத்தாவிலோ அதே மணங்கு 82 ராத்தலுக்கும் மேற்பட்டது. பம்பாய்க்கு 28 ராத்தல் கொண்ட வேறொரு மணங்கு இருந்தது. 1956-ஆம் ஆண்டில் நிறை அளவைச் சட்டம் நிறைவேறி, மெட்ரிக் முறை நாடெங்கும் பரவிய பிறகே இந்தக் குழப்பம் தீர்ந்தது. பருப்பிலும் புளியிலும் இத்தகைய குழப்பம் நேர்ந்தால் சில அணாக்களே நஷ்டம். ஆனால், உயிரைக் காக்கவும் போக்கவும் வல்ல ஒரு பொருளுக்கு ஊருக்கு ஓர் அளவு இருந்தால் விளைவு என்ன ஆகும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியத்துக்கும் எக்ஸ்-கதிருக்கும் அத்தகைய நிலையே இருந்தது. அந்நிலையை மாற்றுவதற்குப் பல நாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி உழைத்த வரலாறு, விஞ்ஞான சரித்திரத்தின் நல்ல அத்தியாயங்களுள் ஒன்று.

1895 நவம்பர் 8-ஆம் தேதி, ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். மறு ஆண்டு பாரிஸில் பெக்கரல், யுரேனியத்திலிருந்து இயல்பாகவே கதிர்கள் வெளிப்படுவதை அறிந்தார். 1898-இல் பியேர் கியூரியும் மேரி கியூரி அம்மையாரும் பொலோனியம், ரேடியம் என்னும் இரு புதிய மூலகங்களை அறிவித்தனர். ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்புக்குத் தனியுரிமை கோரவில்லை. கியூரி தம்பதியரும் ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்கு உரிமை கோரவில்லை. ஆகவே, இந்த விஞ்ஞானம் பிறந்தபொழுதே பொதுச் சொத்தாகப் பிறந்தது எனலாம்.

கூட்டுறவும் அப்பொழுதே தொடங்கிவிட்டது. ரேடியத்தைப் பெறுவதற்குப் பிட்ச்பிளெண்டு என்னும் கனிமம் டன் கணக்கில் வேண்டியிருந்தது. அது அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பொஹீமியாவின் ஜோவாக்கிம்ஸ்தால் சுரங்கத்தில் கிடைத்தது. கண்ணாடிக்கு வண்ணமேற்ற உதவும் யுரேனியத்தை எடுத்துக்கொண்டு, எஞ்சிய சக்கையை அங்கே காட்டில் கொட்டி வந்தனர். வியன்னா விஞ்ஞானக் கழகத்தின் தலைவர் எட்வர்டு சூயெஸ் செய்த சிபாரிசினால், அந்தச் சக்கையில் ஒரு டன் பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. பைன் மர ஊசியிலைகள் கலந்திருந்த அந்தப் பழுப்பு மண்ணைக் காய்ச்சியும் வடித்தும், நான்கு ஆண்டு உழைப்பின் பின், 1902-இல் கியூரி அம்மையார் கண்டது கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடிய உப்பே.

ரேடியம் உடலைச் சுடும் என்பது விரைவில் தெரிந்தது. பெக்கரல் ஒரு சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்திருந்ததனால் அவருடைய தோலில் புண் உண்டாயிற்று. பியேர் கியூரியோ தம் கையிலேயே வேண்டுமென்று ரேடியத்தைக் கட்டிப் பார்த்து, அதனால் விளைந்த புண்ணின் போக்கை நாள்தோறும் குறித்து வந்தார். நல்ல திசுவை அழிக்கவல்ல பொருள் நோயுற்ற திசுவையும் அழிக்குமன்றோ? இந்த எண்ணத்தால் 1901-இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் டான்லோ என்னும் வைத்தியர், கியூரியிடம் ரேடியத்தை இரவல் பெற்றுச் சரும நோய்க்குப் பிரயோகித்தார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரேடிய வைத்தியம் பரவிற்று. அதனுடன் விலையும் ஏறியது; ஒரு கிராம் ரேடியம் பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ளதாயிற்று.

இவ்விடத்தில்தான் பெரிய இடையூறு ஒன்று தோன்றிற்று. ஒரு வைத்தியர் தம் நோயாளிக்குப் பத்து மில்லிகிராம் ரேடியத்தை இத்தனை மணி நேரம் வைத்துக் குணம் கண்டதாக எழுதுகிறார். மற்றொரு நாட்டு வைத்தியர் அதைப் படித்து, அவ்வாறே செய்ய முயல்கிறார். ஆனால் அவருடைய பத்து மில்லிகிராமும் இவருடைய பத்து மில்லிகிராமும் ஒன்றுதானா? ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தனக்கென ஓர் அளவு மாதிரியை வைத்திருந்தது. அவற்றின் தூய்மை வெவ்வேறாக இருந்தது. அளவு குறைந்தால் நோய் தீராது. மிகுந்தால் மருந்தே நோயாகிவிடும். வியாபாரிகள் விற்கும் சரக்கைச் சரிபார்க்கவும் வழியில்லை.

1910 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் கதிரியக்க விஞ்ஞானிகளின் சர்வதேச மகாநாடு கூடியது. அங்கே ரேடிய அளவு மாதிரிக்காக ஒரு குழு நியமிக்கப்பட்டது. நியூஸீலந்தில் பிறந்து, அப்பொழுது மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ரூதர்போர்டு அதன் தலைவர். வியன்னாவின் ஸ்டெபான் மேயர் காரியதரிசி. கியூரி அம்மையாரும் டெபியேர்னும் பிரான்ஸின் சார்பிலும், பெர்லினிலிருந்து ஆட்டோ ஹானும், கிளாஸ்கோவிலிருந்து சாடியும், அமெரிக்காவிலிருந்து போல்ட்வுட்டும், கனடாவிலிருந்து ஈவும் அதில் அமர்ந்தனர். 1906-இல் வண்டி விபத்தில் மாண்ட பியேர் கியூரியின் நினைவாக, கதிரியக்க அலகுக்குக் 'கியூரி' என்னும் பெயரை மகாநாடு ஏற்றது. மூல மாதிரியைத் தயாரிக்கும் பொறுப்பும் கியூரி அம்மையாரிடமே ஒப்படைக்கப்பட்டது.

1911 ஆகஸ்டில் அம்மையார் 21.99 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைடை மெல்லிய கண்ணாடிக் குழாயில் இட்டு உருக்கி மூடினார். அதே காலத்தில் வியன்னாவிலும் ஹோனிக்ஷ்மிட் என்னும் இரசாயன நிபுணர், தனியே வேறு முறையில் தூய்மை செய்த ரேடியத்தால் மூன்று மாதிரிகளை ஆக்கினார். 1912 மார்ச்சில் வியன்னாக் குழாய்கள் பாரிஸுக்கு வந்தன. அம்மையார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தமையால் டெபியேர்ன் அவருடைய இடத்தில் நின்றார். இரண்டு நாட்டு ரேடியத்தின் காமாக் கதிர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் கலவாமல் செய்யப்பட்ட இரு மாதிரிகளும் பரிசோதனைப் பிழையின் எல்லைக்குள் ஒத்திருந்தன. பாரிஸ் குழாய் சர்வதேச மூல மாதிரியாகவும், வியன்னாக் குழாய்களுள் ஒன்று அதற்குத் துணையாகவும் ஏற்கப்பட்டன.

பின்னும் ஒரு சங்கடம் எழுந்தது. தம் கையால் ஆக்கிய மாதிரி தம் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கவேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். உலகுக்குப் பொதுவான எடைக்கல் ஒருவர் வீட்டில் இருத்தல் தகாது என்பது மற்றவர்களின் கருத்து. ரூதர்போர்டு பொறுமையோடும் மரியாதையோடும் பேசி அவரை இணங்கச் செய்தார். 1913 பிப்ரவரியில் அந்தக் குழாய், பாரிஸை அடுத்த செவ்ரில் மீட்டரும் கிலோகிராமும் பாதுகாக்கப்பட்டிருந்த சர்வதேச நிறை அளவை நிலையத்துக்குச் சென்றது. வியன்னாவில் செய்யப்பட்ட கிளை மாதிரிகள், பாரிஸ் மூலத்தோடு ஒப்பிடப்பெற்றுப் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன.

இந்த இணக்கம் உண்டான அடுத்த ஆண்டிலேயே ஐரோப்பா போர்க்களமாயிற்று. விஞ்ஞானிகளின் நட்புக்கு அது கடுஞ்சோதனை. வியன்னா விஞ்ஞானக் கழகம் 1908 முதல் ரூதர்போர்டுக்குச் சில நூறு மில்லிகிராம் ரேடியத்தை இரவலாகக் கொடுத்திருந்தது. அணுவின் நடுவே கரு ஒன்று உண்டு என்று 1911-இல் அவர் நிலைநாட்டிய ஆராய்ச்சிக்கு உதவியது அந்த ரேடியமே. போர் மூண்டதும் அது சட்டப்படி பகைவர் நாட்டுச் சொத்தாயிற்று. விலை கொடாமலே வைத்துக்கொள்ள வழியிருந்தது. ரூதர்போர்டு அதற்கு ஒருப்படவில்லை. போருக்குப் பின் பேரரசு சிதறி, நாணயம் மதிப்பிழந்து, வியன்னா ஆய்வுக்கூடம் வறுமையில் வாடுவதை மேயரின் கடிதத்தால் அறிந்தார். 1921 முதல் அந்த ரேடியத்தை உரிய விலை கொடுத்து வாங்குவதற்கு ஏற்பாடு செய்தார். அந்தப் பணம் வியன்னா நிலையத்துக்குக் கைகொடுத்தது.

மேயரும் தம் பங்கைச் செய்திருந்தார். ஆராய்ச்சிக்காக வியன்னாவுக்கு வந்திருந்த ராபர்ட் லாஸன் என்னும் ஆங்கிலேயர், போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமற்போனார். பகைநாட்டவரான அவரை மேயர் தம் ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்ய இடங்கொடுத்தார். லாஸனும் ஆஸ்திரியரான விக்டர் ஹெஸ்ஸும் சேர்ந்து, ஒரு கிராம் ரேடியத்திலிருந்து விநாடிக்கு எத்தனை துகள்கள் வெளிப்படும் என்று அளந்தனர். அவர்கள் கண்ட விடை சுமார் 3,720 கோடி. பின்னர் 1950-இல் கியூரி அலகு, விநாடிக்கு 3,700 கோடிச் சிதைவுகள் என்று வரையறுக்கப்பட்டது. பீரங்கிகள் முழங்கிய ஆண்டுகளில் இரு பகைநாட்டார் ஒரே மேஜையருகே இருந்து எண்ணிய எண்ணுக்கு அது எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதைக் காண்க.

போர்க்களத்தின் மறுபுறத்தில் கியூரி அம்மையார் வேறொரு தொண்டு புரிந்துகொண்டிருந்தார். குண்டு பாய்ந்த வீரர்களை உரிய இடத்திலேயே சோதிப்பதற்கு எக்ஸ்-கதிர்க் கருவி பூட்டிய மோட்டார் வண்டிகளை அமைத்தார். 'குட்டிக் கியூரிகள்' என்று அவற்றை வீரர்கள் அழைத்தனர். நிலையான கூடங்கள் இருநூறு எழுந்தன. கருவிகள் வந்துவிட்டன; அவற்றை இயக்கத் தெரிந்தவர் எங்கே? அம்மையாரும், இளம்பெண்ணாக இருந்த அவருடைய மகள் ஐரீனும் பயிற்சி வகுப்புக்களை நடத்தினர். சுமார் 150 பெண்கள் அவற்றில் தேர்ச்சி பெற்றனர். போர் நின்ற பிறகு, ஊர் திரும்பக் காத்திருந்த அமெரிக்கப் படையினர் சிலரும் 1919-இல் அம்மையாரின் ரேடிய நிலையத்தில் பயின்றனர். பின் 1921-இல் அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டி வாங்கிய ஒரு கிராம் ரேடியத்தை, அந்நாட்டு ஜனாதிபதி ஹார்டிங் அம்மையாருக்கு அளித்தார். 1929-இல் இரண்டாவது கிராமும் கிடைத்தது. அதை அவர் தம் தாய்நாடான போலந்தின் தலைநகர் வார்ஸாவில் 1932-இல் திறக்கப்பட்ட ரேடிய நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ரேடியத்துக்கு எடைக்கல் கிடைத்தது. எக்ஸ்-கதிருக்கோ இன்னும் கிடைக்கவில்லை. தோல் சிவக்கும் அளவுக்குக் கதிர் செலுத்தினால் அதுவே 'ஒரு மாத்திரை' என்று வைத்தியர்கள் கணக்கிட்டு வந்தனர். தோலோ ஆளுக்கு ஆள் வேறுபடும். சிவப்பு என்பதும் காண்போர் கண்ணைப் பொறுத்தது. ஆதலால் ஒரு மருத்துவமனையின் மாத்திரை மற்றொன்றினதைப்போலப் பன்மடங்காக இருந்தது. கருவியை நாள்தோறும் கையாண்டோரின் நிலை அதனினும் பரிதாபம். விரல் இழந்தோர், கை இழந்தோர், இரத்த நோயால் மாண்டோர் பலர். 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவமனை வளாகத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அதில் முதலில் பொறிக்கப்பட்டவை பதினைந்து நாடுகளைச் சேர்ந்த 169 பெயர்கள்; பின்னர் அந்த எண்ணிக்கை மேலும் பெருகிற்று.

இதற்குப் பரிகாரம் காணும் பொருட்டு 1925-இல் லண்டனில் முதலாவது சர்வதேசக் கதிரியல் மகாநாடு கூடிற்று. அளவைக் குழு அங்கே அமைந்தது. 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய இரண்டாவது மகாநாடு, 'ராண்ட்ஜன்' என்னும் அலகை ஏற்றுக்கொண்டது. காற்றில் எக்ஸ்-கதிர் உண்டாக்கும் மின்னேற்றமே அந்த அளவின் அடிப்படை. காற்று எந்நாட்டிலும் ஒன்றே அல்லவா? அதே மகாநாட்டில் பாதுகாப்புக்கென்று தனிக்குழுவும் அமைந்தது. நாளுக்கு ஏழு மணிக்கு மேல் வேலை கூடாது. வாரத்தில் ஐந்து நாளே உழைக்கலாம். விடுமுறையைத் திறந்த வெளியில் கழிக்கவேண்டும். ஆண்டுக்கு ஒரு மாதமேனும் ஓய்வு வேண்டும் என்பவை அதன் ஆதி விதிகளுள் சில. இன்றைய அறிவுக்கு இவை எளிமையாகத் தோன்றலாம். எனினும், குணமாக்கும் கைக்கும் பாதுகாப்பு உரிமை உண்டு என்பதை நாடுகள் பல சேர்ந்து முதன்முதலாக ஒப்புக்கொண்டது அங்கேதான்.

பொது அளவு கிடைத்த பிறகே பயிற்சிக்கும் பொதுமொழி கிடைத்தது. ரேடியத்தைப் புற்றுநோய்க்குப் பிரயோகிப்பதில் பாரிஸ் முறை, ஸ்டாக்ஹோம் முறை என்று தனித்தனி மரபுகள் வளர்ந்திருந்தன. பின்னர் மான்செஸ்டரில் பேட்டர்ஸனும் பார்க்கரும் தம் அட்டவணைகளை வெளியிட்டனர். அவற்றைப் பார்த்து எந்த ஊர் வைத்தியரும் எத்தனை ரேடிய ஊசிகளை எவ்வாறு பரப்பி எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்று கணக்கிட முடிந்தது.

நம் நாடும் இந்த வட்டத்துக்குள் வந்தது. சென்னையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28-இல் திறக்கப்பட்டது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அயரா முயற்சியால் 1954-இல் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று.

இதற்கிடையே ரேடியத்தின் இடத்தைப் பிடிக்க மற்றொரு பொருள் வந்தது. கனடாவின் சாக் ரிவர் அணு உலையில் உண்டாக்கப்பட்ட கோபால்ட்-60 மிகச் சக்தி வாய்ந்தது; விலையோ ரேடியத்தினும் மிகக் குறைவு. அதைக்கொண்டு 1951 அக்டோபர் 27-இல் ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரிலும், நவம்பர் 8-இல் சாஸ்கடூனிலும் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது. சாஸ்கடூனில் ஹரால்டு ஜான்ஸ் என்னும் பௌதிக நிபுணர், கருவி வந்தும் வாரக்கணக்காக அதன் கதிர்களை அளந்து சரிபார்த்த பின்னரே நோயாளியை அதன்கீழ்ப் படுக்கவைத்தார். முதலிடம் பறிபோயிற்று என்று அவர் பதறவில்லை. அவர் தயாரித்த அளவுக் கணக்குகள் பிற்பாடு பல நாட்டு மருத்துவமனைகளுக்குப் பயன்பட்டன. அடையாற்று நிலையத்துக்கும் கனடாவிலிருந்து கோபால்ட் கருவி ஒன்று வந்து சேர்ந்தது.

1955 ஆகஸ்டில் ஜினீவாவில் அணுசக்தியை ஆக்கப் பணிக்குப் பயன்படுத்துவது பற்றி 73 நாடுகளின் மகாநாடு நடைபெற்றபொழுது, அதற்குத் தலைமை வகித்தவர் நம் ஹோமி பாபா. அதுவரை இரகசியமாக இருந்த பல விஷயங்கள் அங்கே வெளியிடப்பட்டன. 1957-இல் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனம் பிறந்து வியன்னாவில் நிலைகொண்டது. மேயரின் ஊர் அது. யூத வம்சத்தவர் என்பதால் 1938-இல் தம் பதவியை இழந்து, போர் முடியும்வரை ஒரு சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்து, 1949-இல் மறைந்த அவர் அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

கருவிகள் பெருகப் பெருக, 1916-இல் கியூரி அம்மையார் எதிர்ப்பட்ட அதே கேள்வி இங்கும் எழுந்தது: இயக்கவும் அளக்கவும் தெரிந்தவர் எங்கே? வைத்தியர் இத்தனை மாத்திரை என்று எழுதலாம். அந்த மாத்திரை நோயாளியின் உடலுக்குள் சரியாகச் சேர்கிறதா என்று பார்ப்பதற்கு மருத்துவப் பௌதிக நிபுணர் வேண்டும். 1962-இல் டிராம்பேயில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்துழைப்போடு அதற்கென ஓராண்டுப் பட்டயப் பயிற்சி தொடங்கப்பட்டது. அங்கே பயின்றவர்கள் நாட்டின் பல பாகங்களிலும் உள்ள கதிர் சிகிச்சைக் கூடங்களில் பணியேற்றனர்.

வியன்னா ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் 1969-இல் தொடங்கிய தபால் சோதனை, இந்த வரலாற்றிலேயே மிகவும் அடக்கமான ஏற்பாடு. லிதியம் ஃபுளோரைடு தூள் அடைத்த சிறு குப்பிகள் மருத்துவமனைக்குத் தபாலில் வரும். குறித்த அளவு கதிரை அவற்றின்மேல் செலுத்தித் திருப்பி அனுப்பவேண்டும். வியன்னா ஆய்வுக்கூடத்தில் அத்தூளைச் சூடாக்கினால், ஏற்ற கதிருக்குத் தக்கபடி அது ஒளி வீசும். மருத்துவமனை சொன்ன அளவும் ஒளி சொல்லும் அளவும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேறுபட்டால், பிழை எங்கே என்று தேடித் திருத்த உதவி செய்வர். தூளுக்குப் பதிலாகப் பிற்காலத்தில் கண்ணாடித் துண்டுகள் வந்தன, முறை மாறவில்லை. 1976-இல் நாடுதோறும் கிளை அளவை நிலையங்களின் இணைப்பு ஒன்று ஏற்பட்டது. டிராம்பே ஆய்வுக்கூடம் அதில் அங்கம் வகிக்கிறது. வாங்கிய உதவியை நம் நாடு திருப்பிக் கொடுக்கும் காலமும் வந்தது. டிராம்பேயில் உருவான 'பாபாட்ரான்' என்னும் கோபால்ட் சிகிச்சைக் கருவி, வியன்னா ஸ்தாபனத்தின் வழியாக வியட்நாமுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது.

பெயர்களும் மாறிவிட்டன. 1975-இல் கியூரிக்குப் பதில் 'பெக்கரல்' சர்வதேச அலகாயிற்று. உடல் ஏற்கும் கதிருக்கு ஆங்கிலப் பௌதிகர் கிரேயின் பெயரால் 'கிரே' என்னும் அலகு வந்தது. பாதுகாப்புக் கணக்குக்கு ஸ்வீடன் நாட்டுச் சீவர்ட்டின் பெயர் வழங்குகிறது. ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், போலந்துப் பெண்மணி, ஆங்கிலேயர், ஸ்வீடன்காரர் ஆகிய இவர்களுடைய பெயர்கள் சிகிச்சைக் கூடத்தில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றன.

பம்பாயில் பரேல் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த காட்சி. ஊரிலிருந்து உறவினர் ஒருவர் நோயோடு வந்து இறங்குவார். மொழி தெரியாத அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நாம் நிற்போம். சீட்டில் வைத்தியர் ஓர் எண்ணை எழுதித் தருவார். இத்தனை கிரே, இத்தனை நாள் என்று அதில் இருக்கும். அதே சீட்டை அவர் ஊருக்கு எடுத்துச் சென்று அடையாற்றில் காட்டினாலும், வேலூரில் காட்டினாலும், கடல் கடந்து காட்டினாலும் அந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றே. நோயாளி அதைப்பற்றி நினைப்பதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை. செவ்ரில் வைக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாயையும், பகைவரிடம் பெற்ற இரவலுக்கு விலை கொடுத்த ஒரு பேராசிரியரையும், ஹாம்பர்க் கல்லில் உள்ள பெயர்களையும் அவருக்காக நாம் நினைத்துக்கொள்ளலாம்.